மண்ணுக்குள் இருந்தவர்

மாசி 6, செவ்வாய்

இந்த டயறியை வங்கிக்காரர் பாதருக்குக் கொடுத்தார்கள், பாதர் எனக்குத் தந்தார். ஒரு மாதமாக மேசையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விசயம் வந்திருக்கிறது.

கோயில் அறைவீட்டில் பாதர்மாருக்குச் சமைத்துப் போடத் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ பேரைக் கண்டுவிட்டேன். இந்த டெஸ்மன் பாதரின் நாக்கைப் போல ஒன்றைக் காணவில்லை. உறைப்பைக் குறைத்தால் சப்பென்று இருக்குதாம், கூட்டினால் அழுதுகொண்டு சாப்பிடுகிறார். மத்தியானம் முருங்கைக்காய்க் கறிக்கு அழுது முடிய, நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லோயர் பிள்ளை துஷ்யந்தி வந்தாள்.

சங்கக்கடை வழக்கைத் திரும்ப எடுக்கிறார்களாம். எண்பத்தைந்தாம் ஆண்டு ஆமிக்காரர் எங்கள் சவுக்கந்துறைக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குள் எட்டுப் பேரை அடைத்துச் சுட்டு, அவர்களோடு சேர்த்துக் கடையையும் கொளுத்திய வழக்கு. இயக்கத்தோடு நடந்த சண்டையில் இடையில் அகப்பட்டுச் செத்தார்கள் என்று ஆமி அப்போது எழுதிக் கொடுத்து, அதோடு எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் நீதவான் நல்லவராம். நல்லவர்களை இடம் மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். அதனால்தான் அவசரம் என்றாள்.

செத்த எட்டுப் பேரில் ஏழு பேர் சைவக்காரர், எரித்தாயிற்று. புதைத்தது ஒருவரைத்தான், என் மனுசன் அலோசியஸை. சேமக்காலையில் இவருடைய கல்லறைக் கிடங்கைத் திறந்தால் சூடு முன்னால் பட்டதா பின்னால் பட்டதா என்று எலும்பு சொல்லுமாம். திறக்கச் சொல்லி நான்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

"உடம்பைக் காட்டக்கூடிய ஆளுக்குத்தான் கொலைக்குற்றம் உறுதியா நிக்கும், அன்ரி. மற்ற ஏழு பேருக்கும் அதை வைச்சுத்தான் வாதாடிப் பார்க்கவேணும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பின்னேரம் அந்தோனியார் கோயிலில் யோகம் வந்து நின்றாள். அவளுடைய மனுசன் நல்லைநாதன்தான் சங்கக்கடை மனேச்சர். என்னுடையவர் அவருக்குக் கீழே வேலை. இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள். அவளுக்கு மகள் ஒருத்தி மிஞ்சினாள். யோகம் நெற்றி நிறையத் திருநீறும் கையில் மெழுகுதிரியுமாக ஒவ்வொரு செவ்வாயும் வருகிறவள். கலியாணம் முடித்த புதிதில் நல்லைநாதன் பனையால் விழுந்து கால் முறிந்து, இனி நடக்கமாட்டார் என்றபோது வைத்த நேர்த்தி. நடந்தார்தான், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. லோயர் வந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மாசி 9, வெள்ளி

மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். தவக்காலம் வருகிறது, அந்த நேரத்தில் கல்லறையைக் கிண்டுவது சரியில்லை. பாதரும் விரும்பமாட்டார். அதைவிட, நிம்மதியாகக் கிடக்கிற மனுசனை எழுப்பி என்ன காணப்போகிறோம்?

பாதரிடம் கேட்டேன். தாராளமாகத் திறக்கலாம், ஆயரிடம் தானே அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். கேட்டது என் பிழை.

மாசி 14, விபூதிப் புதன்

பூசை முடிந்து சாம்பல் பூசிய நெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். யோகம் படலையில் நின்றாள். என் நெற்றியைப் பார்த்து, இன்றைக்கு நீயும் எங்கட ஆள்தான் என்று சிரித்தாள். வருசா வருசம் இதே பகிடி.

உள்ளே வந்து இருந்ததும் சிரிப்பை விட்டுவிட்டாள். லோயர் அவளிடமும் போயிருக்கிறாள். ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்டாள். நான் தவக்காலத்தைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். மாசியில் எங்கே மழை?

"எங்கட ஆக்கள் எல்லாரும் புகையாப் போட்டினம், எமில்டா" என்றாள். "மண்ணுக்கை இருக்கிறது உன்ரை மனுசன் ஒருத்தர்தான். அவரும் வாய் திறக்காட்டி ஆர் திறக்கிறது?"

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். சீனி போடாமல் கொடுத்திருக்கிறேன், அவளும் ஒன்றும் சொல்லாமல் குடித்திருக்கிறாள்.

பங்குனி 5, திங்கள்

கையெழுத்து வைத்துவிட்டேன்.

லோயர் பிள்ளை அன்றைய நாளைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பொம்பிளைகளை ஆமிக்காரர் கிட்ட விடவில்லை. பொழுது படுமுன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று கட்டளை. எரிந்த கடைக்குள்ளிருந்து ஆம்பிளைகள்தான் தூக்கி வெளியே கிடத்தினார்கள். முகம் என்று யாருக்கும் இருக்கவில்லை. ஒருவரை வீட்டுத் திறப்புக் கோர்வையால் பிடித்தார்கள், ஒருவரைத் தங்கப் பல்லால், ஒருவர் நல்ல உயரம். அப்படி அப்படியே பிரித்து, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவரின் கழுத்துச் சங்கிலியில் அந்தோனியார் சுரூபம் இருந்தது. கோயில் மணியடிக்கும் சங்கித்தார் பேதுருப்பிள்ளை ஓடி வந்து, "கழுத்திலை சுரூபம் கிடக்குது பிள்ளை, இது எங்கட ஆள்தான்" என்றார். அவரைச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். மற்றவரை யோகத்துக்குக் கொடுத்தார்கள்.

இதில் சுரூபத்தை மட்டும் லோயருக்குச் சொல்லவில்லை, மறந்துபோனேன். இவர் வழக்கமாகக் கழுத்தில் போடுவது உத்தரியம். அது துணி, எரிந்திருக்கும். சுரூபமும் போட்டிருப்பார். ஆம்பிளைகள் எல்லாவற்றையும் பெண்சாதிக்குச் சொல்லிவிட்டா போடுகிறார்கள்?

பங்குனி 30, பெரிய வெள்ளி

கஞ்சி. சிலுவைப்பாதை. முழங்கால் நோ.

வைகாசி 15, செவ்வாய்

நாளைக்குத் திறக்கிறார்கள். யோகம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தினாள். நல்லைநாதனுக்குக் கால் பொருந்தியபோது அந்தோனியார் சுரூபம் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டாளாம். சைவக்காரனுக்கு ஏனடா இது என்று சங்கக்கடையில் எல்லாரும் பகிடி பண்ணுவார்களாம். மனுசன் கழற்றவே இல்லையாம்.

இதை அவள் எனக்கு முதலும் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று ஞாபகமில்லை. வெள்ளைக் கோழி அடைக்குக் கிடக்கிறது, முட்டை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

வைகாசி 16, புதன்

சேமக்காலையைச் சுற்றிப் பொலிஸ் நாடா கட்டியிருந்தது. சனமெல்லாம் மதிலுக்கு வெளியே. யோகம் மதிலில் நாடியை ஊன்றிக்கொண்டு முழு நாளும் நின்றாள். என்னை மட்டும் உள்ளே கொட்டிலுக்குக் கூப்பிட்டுக் கதிரை தந்தார்கள்.

சட்ட வைத்தியர் அமைதியான மனுசன். தூரிகை வைத்து மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தார். நான் ஒவ்வொரு வருசமும் வெள்ளை அடித்து, பூ வைத்து, பக்கத்தில் இருந்து கதைத்த கல்லறை. ஊரில் யார் யாரை முடித்தார்கள், மீன் என்ன விலை, எந்தப் பாதர் சாப்பாட்டுக்குக் குறை சொன்னார், எல்லாம் அங்கேதான் சொன்னேன். அதற்குள் இருந்ததை ஒரு வெள்ளைச் சீலையில் ஒழுங்காக அடுக்கினார்கள்.

பின்மண்டையில் துளை. குனிந்திருந்த ஆளைப் பின்னால் கிட்ட நின்று சுட்டிருக்கிறார்கள் என்று வைத்தியர் லோயருக்குச் சொன்னார். சண்டையில் இடையில் அகப்பட்டவருக்கு இப்படி வராது என்றார். லோயர் பிள்ளை என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

பிறகு உருகிப்போன சுரூபம் ஒன்றைக் காட்டி, கணவருடையதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்தியிருக்கிறதாம். கணவருக்குக் கால் முறிந்ததா என்று கேட்டார். இவருக்குச் சகோதரம் இல்லை, எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, இரத்தம் எடுத்துப் பார்க்க யாருமில்லை. "உங்கட வாய்தான் சாட்சி அன்ரி" என்று லோயர் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்.

ஓம் என்றேன். சைக்கிளால் விழுந்தவர் என்றேன். கலியாணத்துக்கு முதலா பிறகா என்றார். முதல் என்றேன். எழுதிக்கொண்டார்.

கோழிக்கூட்டுக் கதவு ஆடுகிறது. ஆணி வாங்க வேண்டும்.

வைகாசி 17, வியாழன்

சைக்கிளால் விழுந்தவர்தான். கோயிலடி வளைவில். மணல் வழுக்கி.

வைகாசி 27, ஞாயிறு

யோகம் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுவந்தாள். ஊரெல்லாம் என்னைக் கும்பிடாத குறையாம். இவராலே எல்லாருக்கும் நியாயம் கிடைக்கப்போகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வயிறு சரியில்லை என்றேன். மூடி வைத்துவிட்டுப் போனாள். பிறகு கோழிகள் தின்றன.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதரிடம் கோழிகளைத் தூசணத்தால் ஏசினேன் என்று சொன்னேன். வேறு ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன்.

ஆனி 21, வியாழன்

பட்டணத்து நீதிமன்றத்தில் தவணை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குச் சுகமில்லையென்று வைத்தியர் கடிதம் வந்தது. ஒருவன் வந்தான். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் களுசான், கையில் நடுக்கம். கூட வந்த மனுசி சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தாள். இத்தனை வருசமும் நான் நினைத்த ஆள் இல்லை அவன். நான் நினைத்தவன் கிழடாகவே இல்லை.

கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அன்றைக்குச் சவுக்கந்துறைக்குப் போனாயா? ஞாபகமில்லை. சங்கக்கடைக்குள் ஆட்களை அடைத்தது யார்? ஞாபகமில்லை. சுடச் சொன்னது யார்? சிங்களத்தில் அவன் சொல்ல, மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் அதே குரலில் ஞாபகமில்லை என்று தமிழில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழும்பிப் போய் அவனுடைய சேட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன். யோகம் என் தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அவன் மரத்தடி வாங்கில் இருந்து பார்சலைப் பிரித்தான். கை நடுங்கிச் சோறு சிந்தியது. மனுசி பொறுக்கிப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவனும் பார்த்தான். யாரென்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த தவணை ஆடியில். வைத்தியரின் அறிக்கையை அன்றைக்கு வாசிப்பார்கள், எல்லாருக்கும் கேட்க.

ஆனி 22, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பாதருக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தின்றார், பாவம்.

அவன் ஞாபகமில்லை என்கிறான். மறந்திருக்கமாட்டான், சொல்ல ஏலாமல் இருக்கிறான். சொன்னால் அவனுக்கு ஏதோ போய்விடும். ஓய்வூதியமோ, பிள்ளைகள் வைத்திருக்கிற மரியாதையோ, எதுவோ. அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்கிறான். அவனுக்கு நரகம்தான் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். நானும் அதைத்தானே செய்கிறேன்.

இவருக்குக் கால் முறியவில்லை. இவர் சைக்கிளாலும் விழவில்லை, பனையாலும் விழவில்லை. எழுதிவிட்டேன்.

பேதுருப்பிள்ளை சுரூபம் என்று சொன்ன நேரமே எனக்குள் ஏதோ இடறியது. கேட்கவில்லை. கேட்டால் எனக்கு யார் இருப்பார்? கலியாணமாகி ஒரு வருசம்கூட முடியாமல் போன மனுசன். ஒரு பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தது அந்தக் கல்லறை ஒன்றுதான்.

ஆடி 2, திங்கள்

யோகத்தின் வீட்டுக்குப் போனேன். குசினிக்குள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் குந்தி இரண்டு உரித்தேன். பிறகு சொன்னேன். சுரூபத்தைச் சொன்னேன், காலைச் சொன்னேன், வைத்தியர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. கடைசிக் கொட்டை வரை உரித்து முடித்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை. நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆடி 3, செவ்வாய்

யோகம் கோயிலுக்கு வரவில்லை.

ஆடி 5, வியாழன்

லோயர் பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அன்ரி, இதை நீங்கள் கோட்டிலை சொன்னால் அலோசியஸ் அங்கிளின்ரை பெயர் குற்றப்பத்திரத்திலை நிக்காது. நல்லைநாதன் அங்கிளின்ரை கொலைதான் நிக்கும். உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது" என்றாள். சொல்லாமல் விட்டால் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

ஆடி 10, செவ்வாய்

இன்றைக்கும் வரவில்லை.

ஆடி 12, வியாழன்

கூண்டில் ஏறினேன். வைகாசியில் நான் சொன்னது பொய் என்றேன். என் மனுசனுக்குக் கால் முறியவில்லை, அவர் சுரூபம் போடுகிறவரும் இல்லை, அந்த எலும்பு யோகாம்பிகையின் மனுசன் நல்லைநாதனுடையது என்றேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்றார்.

"எனக்கு அந்தக் கல்லறை வேணுமாயிருந்தது ஐயா" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கடுமையாக எச்சரித்தார். கேட்டுக்கொண்டேன், எனக்கு வேண்டியதுதான்.

ஆமிக்காரரின் லோயர் எழும்பினார். நல்ல தமிழ் பேசினார். அப்படியென்றால் உங்கள் கணவர் செத்ததற்கு என்ன ஆதாரம், இயக்கத்துக்கு ஓடிப்போய் எங்காவது உயிரோடு இருக்கலாம்தானே என்றார்.

"ஓடிப்போன மனுசன் எண்டால் இவ்வளவு காலத்திலை ஒருக்காவெண்டாலும் சோத்துக்கு வந்திருப்பார்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

பின்வாங்கிலிருந்து யோகம் எழும்பினாள். அவள் வந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. கால் முறிந்த கதையை அவளே சொன்னாள், எந்தப் பனை, எந்த வைத்தியர் கட்டினார் என்பது வரை. மகளை இரத்தம் கொடுக்கக் கூட்டிவருகிறேன் என்றாள். மூன்று பேர் மீதும் நல்லைநாதனின் கொலைக்கு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தலாம், இரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று நீதவான் சொன்னார். அலோசியஸின் பெயரை இப்போதைக்கு நீக்கினார். வெள்ளைச் சேட்டுக்காரன் தன் கையைப் பார்த்தபடி இருந்தான்.

பஸ்ஸில் யோகமும் நானும் ஒரே சீற்றில்தான் வந்தோம்.

ஆவணி 18, சனி

சோதனை முடிவு வந்தது, நல்லைநாதன்தான். பெட்டியில் வைத்து மூடி, அதே கிடங்கில் இன்று திரும்ப வைத்தார்கள். யோகம் எரிக்கக் கேட்டாள். வழக்கு முடியுமட்டும் எரிக்கக்கூடாதாம், எலும்புதான் சாட்சி. எங்கள் நாட்டில் வழக்கு எப்போது முடிகிறது? ஆமிக்காரர் பதில் சொல்லுமட்டும் சைவக்கார மனுசன் எங்கள் சேமக்காலையில் கிடக்க வேண்டியதுதான்.

அவளுக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பிடி மண் போடு என்றேன். போட்டாள். கையைத் தட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வா, உன்ரை ஆளைக் காட்டுறன்" என்றாள்.

சவுக்குத் தோப்புக்குள்ளால் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தோணிகள் இல்லாத பக்கம். எரித்த மறுநாள் ஆம்பிளைகள் ஒருவரும் றோட்டுக்கு வரப் பயந்து, அவளே தனிய எலும்பு பொறுக்கி, பால் விட்டுக் கழுவி, மண்முட்டியில் போட்டு இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாளாம். நான் எல்லாம் கேட்டேன். என்ன பால், முட்டி பாரமாக இருந்ததா, வெயிலா மந்தாரமா என்று கேட்டேன். ஆட்டுப்பால் என்றாள். பாரமில்லை, ஆனால் சூடாக இருந்தது என்றாள். தன் மனுசன் என்று நினைத்து அவள் செய்தது எல்லாம் இவருக்கு. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

இவர் கடலுக்குப் பயந்தவர். தகப்பனும் பாட்டனும் தோணிக்காரர், இவர் மட்டும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் நிற்கமாட்டார். அதனால்தான் சங்கக்கடையில் சீனி நிறுக்கப் போனவர். இவரையா கொண்டுவந்து கடலில் விட்டார்கள்.

யோகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். என் கையையும் பிடித்து இழுத்தாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நின்றாள்.

"இந்த இடந்தான். முட்டியை விட்டால் அது தாழயில்லை, எமில்டா. திரும்பத் திரும்ப என்னட்டையே வந்து வயித்திலை முட்டிச்சுது. பிறகு நான் அதைத் தடவி, ஒண்டுமில்லை, பயப்பிடாமல் போங்கோ எண்டு சொல்லித் தள்ளிவிட்டனான். எங்கட ஆள் மீன்மாதிரி நீந்துவார். ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு எனக்கு அண்டைக்கும் விளங்கேல்லை."

நான் அவளுடைய கையை விடவில்லை. வெயில் சாயும்வரை இரண்டு பேரும் தண்ணீரிலேயே நின்றோம். பயப்பட வேண்டாம் என்று இவருக்கு யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்கள்.